பந்தி, துருபதேசம், கணக்கு: ஆலன் பூசாக் என்ற போதகரின் அரசியல்

1

போதகர் ஒருவர் அரசியலுக்கு வந்தால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'மதத்தை அரசியலில் கலக்காதே' என்பது ஒன்று. 'தீர்க்கதரிசி எழும்பிவிட்டார்' என்பது மற்றொன்று. முன்னதை இடதுசாரித் தோழர்கள் சொல்வார்கள். பின்னதை விடுதலை இறையியல் வாசித்த நண்பர்கள் சொல்வார்கள். இரண்டு பேருமே போதகர் என்கிற ஆளைத்தான் பார்க்கிறார்கள். அவர் நின்று பேசுகிற இடத்தை, பிரசங்க பீடத்தை, யாரும் பார்ப்பதில்லை. அந்த இடத்துக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். குறுக்குக் கேள்வி கிடையாது. 'கணக்கைக் காட்டுங்க ஐயா' என்று பீடத்தைப் பார்த்து யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த அதிகாரம் ஒரு விடுதலை இயக்கத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது?

இதை யோசிக்கத் தென்னாப்பிரிக்காவின் ஆலன் பூசாக் வாழ்க்கை நல்ல பிரதி. நிறவெறி ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் எண்பதுகளில் டெஸ்மண்ட் டூட்டுவுக்கு இணையாக உலகம் கேட்ட குரல் அவருடையது. டூட்டுவின் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பூசாக்கின் பெயர் இங்கே அநேகமாக யாருக்கும் தெரியாது. காரணம் எளிது. டூட்டு பேராயராகவே கடைசிவரை இருந்தார். பூசாக் கட்சிக்குப் போனார், தேர்தலில் தோற்றார், மோசடி வழக்கில் சிறைக்குப் போனார். வீழ்ந்தவர்களின் கதையை நாம் சீக்கிரம் மூடிவைத்துவிடுகிறோம். இயக்கங்களில் வேலை செய்கிறவர்கள் வாசிக்கவேண்டியது அந்த மூடிவைத்த பக்கங்களைத்தான் என்பது என் கட்சி.

2

கதை பூசாக்கிலிருந்து தொடங்கவில்லை. அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு பந்தியிலிருந்து தொடங்குகிறது.

கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் சபை டச்சு சீர்திருத்தத் திருச்சபை. அதில் வெள்ளையர்களோடு, மனம்மாறிய அடிமைகளின் பிள்ளைகளும் பூர்வகுடிகளும் இருந்தார்கள். இராப்போஜனத்தில் ஒரே அப்பம், ஒரே பாத்திரம். வெள்ளை விவசாயிகளில் சிலருக்கு அது ஒப்பவில்லை. 1857இல் கூடிய சபையின் சினட், எல்லோரும் ஒரே சபையில் சேர்ந்திருப்பதே வேதத்துக்கு இசைவானது, விரும்பத்தக்கது என்று முதலில் சொன்னது. பிறகு, சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு, அவசியப்படும் இடங்களில் தனிக் கட்டிடத்தில் தனியாக ஆராதனை நடத்திக்கொள்ளலாம் என்றது. தீர்மானத்தின் பின்பாதி முன்பாதியைத் தின்றுவிட்டது. 1881இல் 'கலர்டு' மக்களுக்கென்று தனி மிஷன் திருச்சபையே உருவாயிற்று. சிலருடைய பலவீனம் கால் நூற்றாண்டுக்குள் ஒரு நிறுவனமாகிவிட்டது.

'கலர்டு' என்பதை இங்கே விளக்கவேண்டும். பூர்வகுடிகள், ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள், வெள்ளையர்கள் ஆகியோரின் வழித்தோன்றல்களை அந்த நாட்டு அரசு ஒரே பெட்டிக்குள் போட்டு ஒட்டிய சீட்டு அது. அவர்களில் பெரும்பான்மையோர் பேசுவது ஆஃப்ரிகான்ஸ் மொழி, அதாவது ஆண்ட வெள்ளையர் பேசிய அதே மொழி. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நிறவெறி அரசை முதலில் நிறுவியவரும் ஒரு போதகர்தான் என்பது கவனிக்கத்தக்கது. டி.எஃப். மலான் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் குருவானவர். நெதர்லாந்து போய் உட்ரெக்ட்டில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1915இல் பீடத்தை விட்டிறங்கிக் கேப் நகரில் தொடங்கிய தேசியக் கட்சி நாளிதழுக்கு ஆசிரியரானார். 1948இல் பிரதமரானார். 1949இல் கலப்பு மணத் தடைச்சட்டம். 1950இல் ஒவ்வொரு மனிதரையும் இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம். அதே ஆண்டில் இன்ன இனத்தார் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்கிற சட்டம். கலப்பு மணத்தைத் தடை செய்யச் சொல்லித் திருச்சபையே அதற்கு முன் அரசை வற்புறுத்தியிருந்தது. ஆக, மதமும் அரசியலும் அங்கே எண்பதுகளில் புதிதாகக் கலக்கவில்லை. கலந்தே இருந்தன. ஆள்கிறவன் கலந்தால் அது 'நாகரிகம்', ஆளப்படுகிறவன் கலந்தால் 'மத அரசியல்'. இந்தச் சூத்திரம் நமக்கும் பழக்கமானதுதான்.

3

ஆலன் பூசாக் 1946 பிப்ரவரியில், வறண்ட வடக்குக் கேப் பகுதியில், ஆரஞ்சு ஆற்றங்கரை ஊரான காக்கமாஸில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர், மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். கேப் நகருக்குப் பக்கத்தில் சோமர்செட் வெஸ்ட்டில் வளர்ந்த பூசாக், அந்தக் கலர்டு மிஷன் திருச்சபையில் 1968இல் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1970இல் நெதர்லாந்தின் காம்பனுக்கு இறையியல் படிக்கப் போனார். மலான் போன அதே தேசம், அதே கால்வினிய மரபு. மலான் அங்கிருந்து வந்து கட்டியதை இடிக்கும் கருவியைப் பூசாக்கும் அங்கிருந்தே எடுத்துவந்தார். அவருடைய ஆய்வேடு கருப்பு இறையியல் பற்றியது. அதை முடித்து 1976இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு ஜூனில்தான் சுவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது.

கருப்பு இறையியலையும் கருப்புப் பிரக்ஞை இயக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்டீவ் பிக்கோவும் தோழர்களும் 'கருப்பர்' என்ற சொல்லை நிறத்தைக் குறிப்பதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறவெறியால் ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவருக்கும் பொதுவான அரசியல் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அரசு ஒட்டிய சீட்டைக் கிழித்துவிட்டுத் தனக்குத்தானே பெயரிட்டுக்கொள்வது. 'தலித்' என்ற சொல் நம் சூழலில் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். பூசாக் தன்னைக் கலர்டு என்று சொல்லிக்கொள்ளவில்லை, கருப்பன் என்றே சொன்னார். அந்தப் பெயரோடு அவர் பீடத்தில் ஏறியபோது அவர் சபையில் பலருக்கு அது அதிர்ச்சி.

பூசாக்கின் மிக முக்கியமான அரசியல் செயல் என நான் கருதுவது எந்த ஊர்வலத்தையும் அல்ல. ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததைத்தான். நிறவெறி ஒரு 'பாவம்' என்று அதற்கு முன்பே பலர் சொல்லியிருந்தார்கள். பூசாக்கும் கூட்டாளிகளும் 'துருபதேசம்' என்றார்கள். தமிழ்ப் புரொட்டஸ்டண்டு வழக்கில் இந்தச் சொல்லுக்குத் தவறான போதனை, வேதப்புரட்டு என்று பொருள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பாவம் என்றால் அது ஆளுடையது. ஆள் செய்கிறான், மனந்திரும்புகிறான், மன்னிப்புப் பெறுகிறான், அடுத்த ஞாயிறு மறுபடியும் செய்கிறான். சபைக்கு ஒன்றும் ஆவதில்லை. துருபதேசம் அப்படியல்ல. குற்றவாளிக் கூண்டில் நிற்பது போதனையும் அதைப் போதிக்கிற சபையும். ஒரு சபை துருபதேசத்தைப் போதித்தால் அது சபையாகவே இல்லை. மனந்திரும்பி விசுவாச அறிக்கையைத் திருத்தி எழுதுகிற வரைக்கும் அதனோடு ஒரே பந்தியில் உட்கார முடியாது. விவாதம் தனிமனித ஒழுக்கத்திலிருந்து நிறுவனத்தின் இருப்புக்கு நகர்ந்துவிடுகிறது. 'நாங்க நல்ல வெள்ளைக்காரங்க, எங்க வீட்டு வேலைக்காரியை நல்லா வச்சுக்கிறோம்' என்கிற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை.

1982 ஆகஸ்டில் உலகச் சீர்திருத்தத் திருச்சபைகளின் கூட்டமைப்பு கனடாவின் ஒட்டாவாவில் கூடியது. தென்னாப்பிரிக்காவின் கருப்புப் பிரதிநிதிகள் அங்கே நடந்த இராப்போஜனத்தில் கலந்துகொள்ள மறுத்தார்கள். ஊரில் எங்களைப் பந்தியிலிருந்து விலக்கிவைத்தவர்களோடு இங்கே வந்து ஒரே பந்தியில் உட்காருவது பொய் என்பது அவர்கள் வாதம். கூட்டமைப்பு நிறவெறியைத் துருபதேசம் என்று அறிவித்தது. அதை நியாயப்படுத்திய இரண்டு வெள்ளைத் திருச்சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. முப்பத்தாறு வயதுப் பூசாக்கைத் தன் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. 1857இல் பிரித்த பந்திக்கு 125 ஆண்டு கழித்துப் பந்தியிலேயே பதில் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, கேப் நகரை ஒட்டிய கலர்டு குடியிருப்பான பெல்ஹாரில் மிஷன் திருச்சபையின் சினட் கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 'பெல்ஹார் அறிக்கை' என்று இதற்குப் பெயர். சபையின் ஒருமை, மனிதர்களிடையே ஒப்புரவு, கடவுளின் நீதி ஆகிய மூன்றையும் அது பேசுகிறது. கடவுள் சிறப்பான விதத்தில் ஏழைகளின், அநீதி இழைக்கப்பட்டவர்களின் கடவுள் என்றும், அவர் நிற்கிற இடத்தில்தான் சபையும் நிற்கவேண்டும் என்றும் அதன் நான்காவது பகுதி சொல்கிறது. இதைப் பூசாக் தனியாக எழுதவில்லை. ஒரு குழு எழுதியது. டர்க்கி ஸ்மிட் என்ற இளம் இறையியலாளருக்கு அதில் பெரும் பங்குண்டு. எழுதியதை உடனே சட்டமாக்கவும் இல்லை. ஊர் ஊராகச் சபைகளுக்கு அனுப்பி விவாதிக்கவைத்து, நான்கு ஆண்டு கழித்து 1986இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். இந்த நான்கு ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4

இதை வாசிக்கும்போது தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு மனசுக்குள் ஓடாமல் இருக்குமா? தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலிருந்தே சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவது தொடங்கிவிட்டது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாக ஒழியவேண்டும், எல்லோரும் ஒன்றாகப் பந்திக்கு வரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கும் முன்பே மிஷனரிகளின் சாதியொழிப்பை எதிர்த்து எழுதியிருந்தார். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் சாதியை ஒரு சமூக வழக்கமென்று சொல்லி மென்மையாக நடந்துகொண்டது. அங்கே 'சிலருடைய பலவீனம்', இங்கே 'சமூக வழக்கம்'. இரண்டு தொடர்களும் செய்த வேலை ஒன்றே. ஒடுக்குகிறவனின் அசௌகரியத்தை இறையியலின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்த வேலை அது.

வில்சன் தோற்றதற்கும் பெல்ஹார் நின்றதற்கும் காரணம் தேடினால் ஒன்று தெரிகிறது. வில்சனின் கட்டளை மேலிருந்து, ஒரு வெள்ளைப் பேராயரின் கையெழுத்தோடு வந்தது. பெல்ஹார் அறிக்கையைப் பந்தியிலிருந்து துரத்தப்பட்டவர்களே கூடி எழுதினார்கள். நம் சபைகளில் சாதி பாவம் என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன், பலமுறை. அந்தப் பிரசங்கம் முடிந்து வெளியே வந்தால் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் நிற்கும். பாவம் என்று சொல்வதால் சுவருக்கு ஒன்றும் ஆவதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். துருபதேசம் என்று சொல்லியிருந்தால் சுவர் இருக்கிற வரைக்கும் பந்தி கிடையாது என்று ஆகியிருக்கும். அதனால்தான் அந்தச் சொல்லைச் சொல்ல யாருக்கும் தைரியம் வருவதில்லை.

5

இனி வீதி அரசியல். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசை 1960இல் அரசு தடை செய்தது. 1977இல், பிக்கோ காவலில் கொல்லப்பட்ட அடுத்த மாதமே, கருப்புப் பிரக்ஞை அமைப்புகளையும் தடை செய்தது. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள் அல்லது நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். கூட்டம் கூட அனுமதி இல்லாத நாட்டில் ஆராதனைக்கும் சவ அடக்கத்துக்கும் மட்டும் கூடமுடிந்தது. போதகர்கள் அரசியல் தலைவர்களானது அவர்கள் ஆசைப்பட்டதால் மட்டும் நடந்ததல்ல. பேசுவதற்கு மிச்சமிருந்த ஒரே மேடை அவர்களிடம் இருந்தது.

1983இல் பி.டபிள்யூ. போத்தா அரசு ஒரு தந்திரம் செய்தது. நாடாளுமன்றத்தை மூன்றாகப் பிரித்தது. வெள்ளையருக்கு 178 இடம், கலர்டு மக்களுக்கு 85, இந்தியருக்கு 45. பெரும்பான்மையான ஆப்பிரிக்கர்களுக்கு ஒன்றுமில்லை. நத்தாலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த 45இல் ஒரு மூலை கிடைத்தது. ஒடுக்கப்பட்டவர்களை ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி, நடுப்படியில் நிற்கிறவனுக்கு ஒரு நாற்காலி கொடுப்பது. இந்தப் படிக்கட்டு விளையாட்டு எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதா?

இங்கே இன்னொரு போதகர் வருகிறார். ஆலன் ஹென்ட்ரிக்ஸ், கலர்டு மக்களின் தொழிற்கட்சித் தலைவர், கொங்கிரிகேஷனல் சபைக் குருவானவர். 'உள்ளே போய் மாற்றுவோம்' என்று அந்த நாடாளுமன்றத்துக்குள் போனார். போத்தாவின் அமைச்சரவையிலும் இடம் பெற்றார். 1987 ஜனவரியில் போர்ட் எலிசபெத்தில் வெள்ளையருக்கு மட்டுமான கடற்கரையில் இறங்கிக் குளித்தார். போத்தா கோபப்பட்டார். ஹென்ட்ரிக்ஸ் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டில் அமைச்சர் பதவியும் போயிற்று. அவரைத் துரோகி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நடுப்படியில் உட்காரவைக்கப்பட்டவனுக்கு எவ்வளவு தண்ணீர் அனுமதி என்பதை அந்தக் கடற்கரை அளந்து காட்டியது.

பூசாக் எதிர்த்திசையில் போனார். 1983 ஜனவரியில் ஜோஹன்னஸ்பர்க்கில், அரசு நியமித்த இந்திய மன்றத்தை எதிர்த்த இந்தியர்களின் மாநாட்டில், எல்லா அமைப்புகளும் சேர்ந்து ஒரு முன்னணி அமைக்கவேண்டும் என்று பேசினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று கேப் நகரை ஒட்டிய மிட்சல்ஸ் பிளெயினில் ஐக்கிய ஜனநாயக முன்னணி உதயமானது. தொழிற்சங்கங்கள், மாணவர், பெண்கள் அமைப்புகள், சபைகள் என நூற்றுக்கணக்கானவை சேர்ந்தன. அடுத்த ஆண்டு நடந்த மூன்றுசபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது முன்னணி. பதிவு செய்த கலர்டு வாக்காளர்களில் சுமார் 30 சதவீதமும் இந்தியர்களில் சுமார் 20 சதவீதமும்தான் வாக்களித்தார்கள். 1985 ஆகஸ்டில் மண்டேலா இருந்த போல்ஸ்மூர் சிறைக்கு ஊர்வலம் போவோம் என்று பூசாக் அழைத்தார். முந்தின நாளே அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். 1989 செப்டம்பரில் கேப் நகரில் சுமார் முப்பதாயிரம் பேர் நடந்த சமாதான ஊர்வலத்தின் முன்வரிசையில் டூட்டுவோடு அவரும் நடந்தார். ஐந்து மாதத்தில் தடைகள் நீங்கின, மண்டேலா வெளியே வந்தார்.

6

அதுவரை போதகர். அப்புறம் அரசியல்வாதி. 1990இல், மணவாழ்க்கைக்கு வெளியே ஏற்பட்ட ஓர் உறவு பத்திரிகைகளில் வெளிவந்ததும் பூசாக் போதகப் பணியையும் உலகக் கூட்டமைப்புத் தலைமையையும் விட்டார். அந்த உறவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. 1991இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் மேற்குக் கேப் தலைவரானார். 1994 ஏப்ரலில் நாட்டின் முதல் எல்லோருக்குமான தேர்தல். நாடு முழுக்கக் காங்கிரஸ் வென்றது. மேற்குக் கேப்பில் தேசியக் கட்சி, அதாவது மலானின் கட்சி, 53 சதவீத வாக்கு வாங்கியது. பூசாக்கின் கட்சிக்கு 33 சதவீதம். கலர்டு மக்கள் பெருமளவில் தங்களை ஒடுக்கிய கட்சிக்கே வாக்களித்தார்கள்.

'மக்களுக்குப் பிரக்ஞை போதாது' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஐம்பதுகளிலிருந்து மேற்குக் கேப்பில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆப்பிரிக்கர்களுக்கு முன்னால் கலர்டு மக்களுக்கு முன்னுரிமை என்று அரசு விதி வைத்திருந்தது. அதே அரசுதான் கேப் நகரின் ஆறாம் மாவட்டத்தை 1966இல் வெள்ளையர் பகுதியென்று அறிவித்து, சுமார் அறுபதாயிரம் பேரை வீடு இடித்துத் துரத்தியது. துரத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் கலர்டு மக்கள். ஒரு கையால் அடி, மறு கையால் சலுகை. 1994இல் அடி பழங்கதையாகிவிட்டது. சலுகை போய்விடுமோ என்கிற பயம் புதிது. ஆப்பிரிக்கர்கள் வந்தால் நம் வேலை போகும், நம் மொழி போகும் என்று தேசியக் கட்சி ஆஃப்ரிகான்சிலேயே பிரசாரம் செய்தது. மொழியும் வேதமும் பாட்டும் இரண்டு தரப்புக்கும் ஒன்று.

பூசாக் கொடுத்த 'கருப்பர்' என்ற பெயர் பல்கலைக்கழகத்திலும் சினட்டிலும் ஊர்வலத்திலும் உயிரோடு இருந்தது. தொழிற்சாலை வாசலில் அதற்கு உயிர் இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. பிரசங்கத்தில் 'ஆமென்' சொன்னவர்கள் எல்லாம் வாக்குப்பெட்டியிலும் ஆமென் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், எதிர்க்கருத்து தெரியாது. பொது அடையாளம் ஒன்றை அறிவித்துவிட்டதாலேயே அது உருவாகிவிட்டது என்று நம்புகிற எல்லா இயக்கங்களுக்கும் இந்த 53 சதவீதம் ஓர் எச்சரிக்கை. ஒடுக்கப்பட்ட சாதிகளின் ஒற்றுமை பற்றி மேடையில் முழங்கிவிட்டு, தேர்தலன்று சேரிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவில் நடப்பதைப் பார்த்த நமக்கு இதை அதிகம் விளக்கவேண்டியதில்லை.

7

தோற்றபிறகு மாகாண அமைச்சரவையில் கொஞ்ச காலம் இருந்தார். ஜெனீவாவில் ஐ.நா. தூதராக அனுப்பத் தீர்மானித்திருந்தார்கள். அப்போதுதான் கணக்குப் பிரச்சினை வெடித்தது. எண்பதுகளில் பூசாக் 'சமாதானத்துக்கும் நீதிக்குமான அறக்கட்டளை' ஒன்றை நடத்தினார். டென்மார்க்கின் சபை உதவி நிறுவனம் முதலியவை போராட்டத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக அதற்குப் பணம் அனுப்பின. பாடகர் பால் சைமன் குழந்தைகளுக்காகக் கொடுத்த நன்கொடையும் வழக்கில் வந்தது. 1999 மார்ச்சில் மோசடி, திருட்டுக் குற்றங்களுக்காக அவருக்கு ஆறு ஆண்டுச் சிறை. 2000இல் மேல்முறையீட்டில் அது மூன்றாண்டானது. ஓராண்டுக்குச் சற்று மேல் உள்ளே இருந்துவிட்டு 2001இல் வெளியே வந்தார். 2005 ஜனவரியில் ஜனாதிபதி தாபோ எம்பெக்கி மன்னிப்பு வழங்கினார். தான் திருடவில்லை என்றே பூசாக் தொடர்ந்து சொல்லிவந்தார்.

இதில் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். நிறவெறி அரசு வெளிநாட்டுப் பணத்தைத் தடுக்கச் சட்டங்கள் வைத்திருந்தது. ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு வெளிநாட்டு நிதி வரக்கூடாதென்று 1986இல் உத்தரவே போட்டது. அந்தச் சூழலில் ரசீது என்பது போலீசின் கையில் ஆதாரம். யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதிவைத்தால் அவன் வீட்டுக் கதவை இரவில் தட்டுவார்கள். எழுதாமல் கொடுப்பதுதான் அன்றைக்குப் பாதுகாப்பு. தலைமறைவு அரசியலின் கணக்கு வழக்கைச் சட்டபூர்வ அரசின் நீதிமன்றத்தில் வைத்து அளப்பதில் சிக்கல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நியாயம் முழுவதற்கும் போதவில்லை. ரசீது எழுதமுடியாத காலத்தில் நான்கு பேருக்குத் தெரிந்து செலவழிக்க முடியும். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்ல முடியும். அதற்கு அமைப்பு வேண்டும். பூசாக்கின் அறக்கட்டளை அவர் பெயரைச் சுற்றி இருந்தது. உலகம் பணம் அனுப்பியது அந்தக் குரலை நம்பித்தான். குரலைக் கேள்வி கேட்பது போராட்டத்தையே கேள்வி கேட்பதாகத் தோன்றியது. 1997இல் வழக்கைச் சந்திக்க அவர் நாடு திரும்பியபோது, நீதித்துறை அமைச்சராக இருந்த பழைய தோழர் டுல்லா ஓமர் விமான நிலையத்தில் வரவேற்பில் கலந்துகொண்டது பெரிய சர்ச்சையானது. நட்பு புரிகிறது. ஆனால் இயக்கம் தன் தலைவனிடம் அன்று வரைக்கும் கேட்காமல்விட்ட கேள்வியைக் கடைசியில் அரசு வழக்கறிஞர் கேட்கும்படி ஆயிற்று. அவர் கேட்டபோது அது கருப்பர்கள் எல்லோருக்கும் அவமானமாக முடிந்தது. பழைய எசமானர்களின் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

இப்போது பெல்ஹாரின் அந்த நான்கு ஆண்டுக்கு வருவோம். ஒரே மனிதர், ஒரே பத்தாண்டு. ஒரு பக்கம் ஓர் அறிக்கை. குழு எழுதியது, சபைகள் விவாதித்தன, சினட் ஏற்றது. மறுபக்கம் ஓர் அறக்கட்டளை. ஒருவர் பெயர், ஒருவர் கையெழுத்து, ஒருவர் மேல் நம்பிக்கை. முதலாவது நிற்கிறது. 1994இல் கலர்டு, ஆப்பிரிக்கத் திருச்சபைகள் இரண்டும் இணைந்து ஒரே சபையானபோது அதற்கு அடித்தளமாக இருந்தது. 2016இல் அமெரிக்காவின் பெரிய பிரெஸ்பிட்டேரியன் சபையும் அதைத் தன் அறிக்கைகளில் சேர்த்துக்கொண்டது. பழைய வெள்ளைத் திருச்சபை முழுமையாக அதை ஏற்றுக்கொள்ள முடியாமல் பல ஆண்டுகள் இழுபறியில் கிடந்ததே அதன் கூர்மைக்குச் சான்று. இரண்டாவது இடிந்து விழுந்தது. பிரசங்க பீடத்துக்குப் பக்கத்திலேயே சினட் இருந்தது. ஒருவர் பேசும் இடமும் பலர் பேசும் இடமும் ஒரே சபைக்குள் இருந்தன. இயக்கம் பீடத்தைக் கடன் வாங்கியது, சினட்டைக் கடன் வாங்க மறந்தது.

8

கடைசி அத்தியாயம் பலருக்குத் தெரியாதது. சிறையிலிருந்து வந்த பூசாக்கைச் சபை மீண்டும் ஏற்றுக்கொண்டது. 2008இல் அந்த இணைந்த திருச்சபையின் பொதுச் சினட்டில், ஒருபால் ஈர்ப்புடையவர்களைப் பற்றிய ஓர் அறிக்கையை அவர் முன்வைத்தார். பெல்ஹார் அறிக்கை உண்மையென்றால் அவர்களுக்குச் சபையில் முழு உரிமை உண்டு, குருத்துவம் உட்பட என்று வாதாடினார். சினட் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் அங்கேயே தன் பொறுப்புகள் எல்லாவற்றையும் விட்டு விலகினார்.

இந்தக் காட்சியில் எனக்கு மூன்று விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, பந்தியிலிருந்து துரத்தப்பட்டவர்களின் சபையும் தனக்குக் கீழே இன்னொருவரைத் துரத்தும். ஒடுக்கப்பட்டதாலேயே யாரும் நியாயவான் ஆகிவிடுவதில்லை. இரண்டாவது, சினட் என்பதாலேயே முடிவு சரியாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. கூட்டாக எடுத்த முடிவும் தவறலாம். மூன்றாவது முக்கியம். அந்தத் தவறைச் சுட்டிக்காட்டப் பூசாக்குக்குத் தன் பழைய புகழ் உதவவில்லை, சிறைக்குப் போய்வந்தவர் அவர். உதவியது எல்லோரும் சேர்ந்து எழுதி எல்லோரும் கையெழுத்திட்ட அந்தப் பிரதி. எழுதியவர்களையே எதிர்த்து அதை வாசிக்க முடிந்தது. ஒரு குரலுக்கு இந்த வசதி கிடையாது. குரல் தளர்ந்தால் அதோடு எல்லாம் தளர்ந்துவிடும்.

அந்த ஆண்டின் இறுதியில் பூசாக் காங்கிரசிலிருந்து பிரிந்த புதிய கட்சியில் சேர்ந்தார், 2009இல் மேற்குக் கேப் முதல்வர் வேட்பாளராக நின்று தோற்றார், சில மாதங்களில் அந்தக் கட்சியையும் விட்டார். கட்சி அரசியல் அவருக்குக் கைவரவேயில்லை என்று முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்கவில்லை. போதகர்கள் அரசியலுக்கு வரட்டும். மலானும் வந்தார், ஹென்ட்ரிக்சும் வந்தார், பூசாக்கும் வந்தார். வரக்கூடாதென்று சொல்ல நாம் யார்? வருகிறவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். உங்கள் சபையின் பந்தியில் யார் யாரோடு உட்காருகிறார்கள், அதைப் பாவம் என்கிறீர்களா, துருபதேசம் என்கிறீர்களா? இரண்டாவது, கணக்கு யாரிடம் இருக்கிறது? போதகர் என்ற இடத்தில் தோழர், அண்ணன், ஆசிரியர் என்று எதை வைத்தாலும் இரண்டாவது கேள்வி மாறுவதில்லை. நம் சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம். யாருக்குக் கோபம் வருகிறது என்பதை வைத்துப் பீடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.